1755-ன்னு எழுதியிருந்தா 1755 ஆகிடுமா? பீங்கான் கடிகாரத்தின் வயசு கண்டுபிடிக்கும் வழி

ஒரே ஒரு கடிகாரம். மேசை மேல வைக்கிற சைஸ். பீங்கான் உடம்பு, அதுல ரோஜாப்பூ, ஓரமெல்லாம் தங்க நிறக் கோடு. பீங்கான் உடம்பைத் திருப்பிப் பார்த்தா ஒரு முத்திரை. அதுல 1755-ன்னு இருக்கு. மூடியைத் திறந்து மெஷினைப் பார்த்தா, அதுல 1881-ன்னு இன்னொரு வருஷம் இருக்கு. விற்கிறவர் "இருநூத்தி அறுபது வருஷப் பழசு சார்"னு சொல்றார். வாங்க வந்தவர் "இல்லை, 1881"-னு சொல்றார்.

ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. அது எப்படின்னு பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை.

பழைய பொருள் விஷயத்துல "வருஷம் எழுதியிருக்கே, அப்புறம் என்ன?"ன்னு நினைக்கிறது ரொம்ப இயல்பு. ஆனா பொருள் மேல இருக்கிற ஒரு வருஷம், அந்தப் பொருள் பிறந்த வருஷமா இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. இதைப் புரிஞ்சுக்காம விலை கொடுத்தா பணம் போகும். இதைப் புரிஞ்சுக்காம "பளபளன்னு ஆக்கிடலாம்"னு தேய்ச்சா, வயசு சொல்லக்கூடிய அடையாளமே போகும். பணம் போனா சம்பாதிச்சுக்கலாம். அடையாளம் போனா போனதுதான்.

நாம எடுத்துக்கிற உதாரணம்

பீங்கான் கடிகாரம்னு பொதுவா பேசினா ஒண்ணும் புரியாது. அதனால உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் கிட்ட இருக்கிற ஒரு வகையை எடுத்துக்குவோம்: அன்சோனியா கம்பெனியின் 'ராயல் பான்' கடிகாரம்.

இதுல முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, இது ஒரு பொருள் இல்லை, ரெண்டு பொருள். உள்ளே இருக்கிற மெஷின் அமெரிக்காவில் செஞ்சது. வெளியே இருக்கிற பீங்கான் கூடு ஜெர்மனியில் செஞ்சது. ரெண்டும் நியூயார்க் கம்பெனியின் பெயரில் ஒண்ணா விற்பனைக்கு வந்தது.

மெஷின் செஞ்ச கம்பெனியின் கதை 1850-களின் தொடக்கத்தில் கனெக்டிகட் மாநிலத்தில் ஆரம்பிக்குது. ஆன்சன் ஃபெல்ப்ஸ் என்கிற உலோக வியாபாரி பித்தளை ஆலை வெச்சிருந்தார். பித்தளை விற்கணும்னா பித்தளை தேவைப்படுற பொருள் செய்யணும் இல்லையா? அதுக்குக் கடிகாரம் நல்ல வழி. அவர் பெயரில் இருந்துதான் அந்த ஊருக்கும் அன்சோனியான்னு பெயர் வந்தது. பிறகு 1870-களின் கடைசியில் கடிகாரத் தொழில் தனிக் கம்பெனியாகி, நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வந்தது. 1880-இல் அந்தத் தொழிற்சாலை தீப்பிடிச்சு எரிஞ்சது; மறு வருஷமே திரும்பக் கட்டினாங்க. அந்தக் கட்டிடம் இன்னைக்கும் நிக்குது. இப்போ அது அடுக்குமாடிக் குடியிருப்பு.

கம்பெனி அவ்வளவு காலம் நிக்கலை. 1929-இல் அதோட இயந்திரங்களை சோவியத் அரசின் வர்த்தக நிறுவனம் வாங்கிக் கப்பலில் ஏத்தி மாஸ்கோவுக்குக் கொண்டு போச்சு. அமெரிக்காவில் அன்சோனியாவின் தயாரிப்பு அத்தோட முடிஞ்சது. இந்த வருஷத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கூடு செஞ்சது, ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கிற பான் நகரத்து ஃப்ரான்ஸ் அன்டன் மெலெம் நிறுவனம். 1836-இல் தொடங்கி, 1920-இல் வில்லராய் அண்ட் போக் என்ற பெரிய பீங்கான் நிறுவனத்தின் கைக்குப் போனது. 'ராயல் பான்' என்பது மெலெம் தன் பொருட்களுக்கு வெச்சுக்கிட்ட வணிகப் பெயர்.

தரையும் கூரையும்

இப்போ முறைக்கு வருவோம். வயசு கண்டுபிடிக்கிறதுன்னா ஒரே அடியில் ஒரு வருஷத்தைச் சொல்றது இல்லை. ரெண்டு எல்லையைக் கண்டுபிடிக்கிறது. "இதுக்கு முன்னாடி இருந்திருக்க முடியாது" என்பது ஒரு எல்லை. அதைத் தரைன்னு வெச்சுக்குவோம். "இதுக்குப் பின்னாடி செஞ்சிருக்க முடியாது" என்பது இன்னொரு எல்லை. அது கூரை. உண்மையான வருஷம் இந்தத் தரைக்கும் கூரைக்கும் நடுவுலதான் இருக்கும்.

ஒரு வீட்டு அஸ்திவாரத்தைத் தோண்டும்போது செங்கலுக்கு அடியில் 1950-இல் அச்சடிச்ச காசு கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். அந்த வீடு 1950-இல் கட்டினதுன்னு சொல்ல முடியுமா? முடியாது. 1950-க்கு முன்னாடி கட்டலைன்னு மட்டும்தான் சொல்ல முடியும். 1980-இல் கட்டும்போது கூட யாரோ ஒருத்தர் பாக்கெட்டில் இருந்த 1950 காசு விழுந்திருக்கலாம். அப்போ அந்தக் காசு தரும் தகவல் தரை மட்டும்தான். பக்கத்திலேயே 1800-ஆம் வருஷக் காசு ஒண்ணு கிடைச்சாலும் முடிவு மாறாது. தரைகளில் எது புதுசோ அதுதான் கணக்கில் வரும்.

அதாவது, ஒரு பொருள் அதோட அசல் பாகங்களிலேயே புதுசான பாகத்தை விடப் பழசா இருக்க முடியாது. இந்த ஒரு வரி நல்லா மனசுல பதிஞ்சா, மீதிக் கட்டுரை முழுக்க அதோட பயன்பாடுதான்.

படி 1: உடம்பு என்ன மண்?

தமிழில் 'பீங்கான்'னு ஒரே வார்த்தையில் எல்லாத்தையும் சொல்லிடறோம். டீ கப்பும் பீங்கான், ஊறுகாய் ஜாடியும் பீங்கான். ஆனா மெட்டீரியல் சயின்ஸ் படிச்சவங்களுக்கு வித்தியாசம் தெரியும். போர்சலின்னு சொல்றது அதிக வெப்பத்தில் சுட்டு, உள்ளேயே கண்ணாடித்தன்மை அடைஞ்ச களிமண். அதுக்குள்ள தண்ணி போகாது. மெல்லிசான இடத்துக்குப் பின்னாடி டார்ச் அடிச்சா வெளிச்சம் மங்கலாத் தெரியும். எர்தன்வேர்னு சொல்றது குறைஞ்ச வெப்பத்தில் சுட்ட, நுண்துளைகள் உள்ள மண். மேலே பூசின கிளேஸ்தான் அதுக்குப் பளபளப்பு தருது. வெளிச்சம் ஊடுருவாது.

ராயல் பான் கூடுகளை விற்பனைப் பட்டியல்களில் போர்சலின்னு எழுதுவாங்க. உண்மையில் அது எர்தன்வேர். அடிப்பக்கத்தில் கிளேஸ் படாத விளிம்பைப் பாருங்க. மேட்டா, சொரசொரப்பா, வெளிர் நிறமா இருக்கும். விரல் நுனியில் ஒரு துளித் தண்ணி தொட்டு அந்த இடத்தில் வெச்சா, உறிஞ்சிக்கும்.

கிளேஸ் மேல மெல்லிய வலை மாதிரி விரிசல் இருக்கா? மண்ணும் கிளேஸும் வேற வேற அளவில் சுருங்கி விரிவதால் வர்ற விரிசல் அது. பழசுக்கு ஆதாரம்னு நிறைய பேர் சொல்வாங்க. ஆனா இதை வேணும்னே செயற்கையாவும் உண்டாக்கலாம், புதுப் பொருளிலும் தானாகவே வரலாம். அதனால இதைத் துணை ஆதாரமா மட்டும் வெச்சுக்கோங்க. இதை நம்பி வருஷம் சொல்லக் கூடாது.

அடுத்து பூக்களைப் பெரிதாக்கிப் பாருங்க. நல்ல லென்ஸ் வேணும், போன் கேமராவின் மேக்ரோ மோட் கூடப் போதும். கோடுகள் எல்லாம் ஒரே சீரா இருந்து, வண்ணம் மட்டும் கோட்டை அங்கங்கே தாண்டிப் போயிருந்தா, கோட்டை அச்சில் ஒட்டி, வண்ணத்தைக் கையால் தீட்டியிருக்காங்க. தூரிகை இழுத்த தடம் தெரியும். மாறா, வண்ணமே சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆகியிருந்தா, முழுப் படமும் அச்சு ஸ்டிக்கர். புள்ளிகள் இன்னைக்குப் பத்திரிகைப் படத்தில் இருக்கிற மாதிரி ஒழுங்கான வரிசையில் இருந்தா, இது பிற்காலப் பிரதியோன்னு சந்தேகப்படணும்.

படி 2: கூட்டின் முத்திரை

இப்போ 1755-க்கு வருவோம். ராயல் பான் முத்திரைகள் பலவற்றில் ஒரு கிரீடம், ஒரு கேடயம், சிலதில் 1755 என்ற எண் இருக்கும். பான் நகரத்துப் பக்கத்தில் இருந்த பாப்பல்ஸ்டார்ஃபில் 1755-இல் ஒரு பீங்கான் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அந்த ஊர்த் தொழில் பாரம்பரியத்தைச் சொல்லும் எண் அது. நம்ம ஊர்ல ஸ்வீட் கடை பெயர்ப்பலகையில் 'நிறுவியது'ன்னு போட்டு ஒரு பழைய வருஷம் எழுதியிருப்பாங்களே, அது மாதிரி. அந்த வருஷத்தைப் பார்த்துட்டு, பெட்டியில் இருக்கிற மைசூர்பாகு அன்னைக்குச் செஞ்சதுன்னு யாரும் நினைக்க மாட்டோம். கடிகாரத்துக்கு மட்டும் ஏன் நினைக்கணும்?

மெலெம் நிறுவனமே 1836-இல்தான் வந்தது. அதனால 1755 தரையாகக் கூட உதவாது.

நிஜமா உதவுறது அதே முத்திரையில் இருக்கிற இன்னொரு வார்த்தை: 'ஜெர்மனி'. 1890-இல் அமெரிக்காவில் மெக்கின்லி சுங்க வரிச் சட்டம் வந்தது. அதுல ஒரு பிரிவு, 1891 மார்ச் 1 முதல் அமெரிக்காவுக்குள் வர்ற வெளிநாட்டுப் பொருட்களில் எந்த நாட்டில் செஞ்சதுன்னு ஆங்கிலத்தில் தெளிவா எழுதியிருக்கணும்னு சொல்லுது. நாட்டுப் பெயரை எழுதணும்னு அதுவரை கட்டாயம் இல்லை. அதனால அமெரிக்கச் சந்தைக்காகச் செஞ்ச ஒரு கூட்டில் 'ஜெர்மனி'ன்னு இருந்தா, 1891-ஐத் தரையா வெச்சுக்கலாம்.

சுங்க அதிகாரிகளுக்காகப் போட்ட ஒரு வார்த்தை, நூத்தி முப்பது வருஷம் கழிச்சு நமக்கு வயசு சொல்லுது. கிரீடமும் கேடயமும் 1755-உம் விற்பனைக்காகப் போட்டது. அதுல பெருமை இருக்கும். சட்டத்துக்காகப் போட்டதுல பெருமை இருக்காது, அதனால்தான் அதை அதிகம் நம்பலாம்.

ஒரு எச்சரிக்கை. இது ஒருவழிப் பாதை. 'ஜெர்மனி' இருந்தா 1891-க்குப் பின்னாடின்னு சொல்லலாம். 'ஜெர்மனி' இல்லைன்னா 1891-க்கு முன்னாடின்னு சொல்ல முடியாது. முத்திரை தேஞ்சு போயிருக்கலாம், சரியா விழாம இருந்திருக்கலாம், வேற நாட்டுச் சந்தைக்குப் போன பொருளா இருந்திருக்கலாம்.

முத்திரை கிளேஸுக்கு மேல இருக்கா, அடியில் இருக்கான்னும் நகத்தால் மெதுவாத் தடவிப் பாருங்க. அடியில் இருந்தா, சூளையிலேயே சேர்ந்தது, பின்னாடி யாரும் ஒட்டியிருக்க முடியாது. மேலே இருந்து, தடவினா தனியா மேடு தெரிஞ்சா, பின்னாடி சேர்த்ததான்னு கூடுதலா சோதிக்கணும்.

படி 3: மெஷினின் முத்திரை

பின்பக்க வட்ட மூடியைத் திறந்தா மெஷினின் பித்தளைத் தகடு தெரியும். அதுல அன்சோனியா கிளாக் கம்பெனி, நியூயார்க் என்ற எழுத்துகள் பொறிச்சிருக்கும். 'நியூயார்க்' என்ற வார்த்தையே ஒரு தரை: கம்பெனி அங்கே வந்தது 1870-களின் கடைசியில். அதுக்கு முந்தைய காலத்து மெஷின்களில் கனெக்டிகட் முகவரி இருக்கும்.

அதே தகட்டில் பல மெஷின்களில் 'பேட்டண்ட், ஜூன் 14, 1881' என்று இருக்கும். நம்ம வாங்க வந்தவர் சொன்ன 1881 இதுதான். பேட்டண்ட் தேதி என்ன சொல்லுது? ஒரு கண்டுபிடிப்புக்கு அரசு உரிமை கொடுத்த நாள். அந்த உரிமையைப் போட்டு அடுத்த பல வருஷம் மெஷின் செய்வாங்க, அதே அச்சை வெச்சு அதே தேதியைப் பொறிச்சுக்கிட்டே இருப்பாங்க. அதனால 1881 என்பதும் ஒரு தரை மட்டும்தான். உங்க லேப்டாப் சார்ஜரில் அச்சடிச்சிருக்கிற ஒரு தரச் சான்றிதழின் வருஷம், அந்த சார்ஜர் செஞ்ச வருஷம் இல்லையே. அதே கதைதான்.

இங்கே ஒரு சுவாரசியம். வேற சில அன்சோனியா மெஷின்களில் 'ஜூன் 18, 1882' என்று இருக்கும். அமெரிக்க பேட்டண்ட் அலுவலகம் பேட்டண்ட் வழங்குறது செவ்வாய்க்கிழமைகளில். கிழமைக் கணக்கு போட்டுப் பாருங்க: 1881 ஜூன் 14 செவ்வாய்க்கிழமை. சரியா வருது. 1882 ஜூன் 18? ஞாயிற்றுக்கிழமை! பித்தளையில் பொறிச்சதாலேயே ஒரு தேதி சரியாகிடாது. கல்வெட்டா இருந்தாலும் கணக்கு போட்டுச் சரிபார்க்கணும். இந்த மாதிரித் தேதியைப் பார்த்தா, '1880-களுக்குப் பின்னாடி' என்று மட்டும் எடுத்துக்கிட்டு அடுத்த ஆதாரத்துக்குப் போறதுதான் நல்லது.

கீறல்களையும் தேடுங்க. அந்தக் காலத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்யறவங்க, வேலை முடிச்சதும் தகட்டின் ஓரத்திலோ மூடியின் உட்பக்கத்திலோ ஊசியால் தேதியும் கையெழுத்தும் கீறி வைக்கிற பழக்கம் உண்டு. கண்ணுக்கு எளிதில் தெரியாது. டார்ச்சைச் சாய்வாப் பிடிச்சா நிழலில் தெரியும். '1909'-ன்னு ஒரு கீறல் கிடைச்சா அது பெரிய பொக்கிஷம். ஏன்னா அது கூரை. 1909-இல் ஒருத்தர் ரிப்பேர் செஞ்சிருக்கார்னா, அந்த மெஷின் 1909-க்கு முன்னாடியே பிறந்திருக்கணும். தரை நிறையக் கிடைக்கும், கூரை கிடைக்கிறதுதான் கஷ்டம்.

படி 4: கூடும் மெஷினும் உண்மையிலேயே ஜோடியா?

நூறு வருஷத்தில் ஒரு கடிகாரம் பல கை மாறியிருக்கும். கூடு உடைஞ்ச கடிகாரத்தின் மெஷினையும், மெஷின் கெட்டுப்போன கடிகாரத்தின் கூட்டையும் சேர்த்து ஒண்ணாக்கி விற்கிறது சகஜம். சேகரிப்பாளர்கள் இதைக் கல்யாணம்னே சொல்வாங்க. கட்டாயக் கல்யாணம்!

கண்டுபிடிக்க வழிகள்: முகப்பு வளையம் கூட்டின் வட்ட ஓட்டையில் இடைவெளி இல்லாமல் உட்காருதா? பயன்படாத திருகு ஓட்டைகள் இருக்கா? மெஷினைப் பிடிக்கிற பாகங்களில் புதுசா வெட்டின, ராவின தடம் இருக்கா? சாவி கொடுக்கும் ஓட்டைகளும் உள்ளே இருக்கிற சாவிச் சதுரமும் நேர்கோட்டில் இருக்கா? வெர்னியர் காலிப்பர் கையில் இருக்கிற நமக்கு இதெல்லாம் பத்து நிமிஷ வேலை.

முகப்பையும் பாருங்க. இந்த வகையில் விலை கூடின கடிகாரங்களில், முகப்பின் நடுவிலேயே எஸ்கேப்மென்ட் வெளியே தெரியும். முன்னும் பின்னும் ஆடி, பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லா விடுற அந்த பாகம். பிரான்ஸின் அச்சில் புரோக்கோ பெயரில் வழங்குற அமைப்பு அது. சாதாரண முகப்பு இருந்த கடிகாரத்துக்கு விலை கூட்டுறதுக்காகப் பின்னாடி இந்த மாதிரி முகப்பை மாத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால இங்கேயும் ஓட்டையும் திருகும் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும்.

படி 5: பெண்டுலம் கணக்கு

இது நம்ம ஏரியா. பெண்டுலம் எளிதில் தொலைஞ்சு போற பாகம். வேற ஒண்ணைக் கொண்டுவந்து மாட்டியிருப்பாங்க. அசலா இல்லையான்னு கணக்கு போட்டே சொல்லலாம்.

மெஷினின் பக்கவாட்டில் இருந்து போட்டோ எடுத்துப் பற்களை எண்ணுங்க. உதாரணத்துக்கு இப்படி வெச்சுக்குவோம்: மணிக்கு ஒரு சுத்து சுத்துற நடுச்சக்கரத்துக்கு 84 பல், அது ஓட்டுற பினியனுக்கு 7. அடுத்த சக்கரத்துக்கு 77 பல், அது ஓட்டுற பினியனுக்கு 7. கடைசியில் எஸ்கேப் சக்கரத்துக்கு 34 பல்.

84 ÷ 7 = 12. 77 ÷ 7 = 11. அதனால எஸ்கேப் சக்கரம் மணிக்கு 12 × 11 = 132 சுத்து சுத்தும். ஒவ்வொரு பல்லுக்கும் ரெண்டு டிக். ஆக மணிக்கு 132 × 34 × 2 = 8976 டிக். ஒரு டிக்குக்கு 3600 ÷ 8976 = 0.401 வினாடி.

ஒரு டிக் என்பது பெண்டுலத்தின் அரை அலைவு. அரை அலைவு நேரம் = பை × √(நீளம் ÷ புவியீர்ப்பு முடுக்கம்). திருப்பிப் போட்டா, நீளம் = 9.81 × 0.401² ÷ 9.87. விடை சுமார் 0.16 மீட்டர், அதாவது 16 சென்டிமீட்டர். இது தொங்குற இடத்தில் இருந்து பெண்டுலத்தின் பயனுறு நீளம். கம்பிக்கும் எடை இருப்பதால் நிஜ அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இப்போ மாட்டியிருக்கிறதோட பயனுறு நீளம் 18 சென்டிமீட்டர்னா? வேகம் √(16 ÷ 18) = 0.943 ஆகக் குறையும். ஒரு நாளைக்கு 1440 நிமிஷத்தில் சுமார் 82 நிமிஷம் பின்தங்கும். இந்த அளவு தப்பை வேகம் கூட்டுற திருகால் எல்லாம் சரிசெய்ய முடியாது. எனவே அந்தப் பெண்டுலம் இந்த மெஷினோடது இல்லை. "கடிகாரம் பழசாகிடுச்சு, அதான் லேட்டா ஓடுது"ன்னு சொல்றதை நம்பறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுடுங்க.

படி 6: கேட்டலாக்

அன்சோனியா தன் மாடல்களுக்குப் பெயர் வெச்சு, படத்தோட கேட்டலாக் போட்டது. ராயல் பான் மாடல்களில் பலதுக்கு பிரெஞ்சு மாதிரியான பெயர்கள்: லா லேயோன், லா ஷார்னி, லா ஓர்ன். ஓர்ன் என்பது பிரான்ஸில் ஓடுற ஒரு நதி. பிரெஞ்சு இலக்கணப்படி அதை 'லோர்ன்'னு சேர்த்துச் சொல்லணும். 'லா ஓர்ன்'னு வராது. அமெரிக்கக் கம்பெனி, ஜெர்மன் கூடு, இலக்கணம் பார்க்காத பிரெஞ்சுப் பெயர்! வாங்குறவங்களுக்கு பிரெஞ்சு வாடை அடிச்சா போதும்னு நினைச்சிருப்பாங்க போல.

கூட்டின் முத்திரையிலேயே பல நேரம் மாடல் பெயர் இருக்கும். பழைய கேட்டலாக்குகளுக்கு மறுபதிப்பு வந்திருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனா இங்கேயும் கவனம்: ஒரு கேட்டலாக்கில் மாடல் இருக்குன்னா, அந்த வருஷம் அது விற்பனையில் இருந்ததுன்னு மட்டும்தான் அர்த்தம். அதே மாடல் முன்னாடியும் பின்னாடியும் பல வருஷம் வித்திருக்கலாம்.

எல்லாத்தையும் சேர்த்துப் பார்ப்போம்

நம்ம கடிகாரத்துக்குக் கிடைச்ச ஆதாரங்களை வரிசையா வெச்சுக்குவோம்.

- 1755: விளம்பரம். கணக்கில் வராது.
- 1836, மெலெம் நிறுவனம்: தரை.
- 1870-களின் கடைசி, நியூயார்க் முகவரி: தரை.
- 1881, பேட்டண்ட்: தரை.
- 1891, 'ஜெர்மனி' என்ற வார்த்தை: தரை. இருப்பதிலேயே புதுசு, அதனால இதுதான் செல்லும்.
- 1920, மெலெம் கை மாறியது: கூரை.
- 1929, அன்சோனியா முடிந்தது: கூரை. ஆனா 1920 அதை விடத் தாழ்வான கூரை, அதனால 1920-தான் செல்லும்.

ஆக 1891-க்கும் 1920-க்கும் நடுவில். வரலாறு இன்னும் கொஞ்சம் உதவும். 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கினதும் பிரிட்டன் ஜெர்மனியின் கடல் வணிகத்தை முற்றுகையிட்டது. 1917 ஏப்ரலில் அமெரிக்காவே ஜெர்மனிக்கு எதிராப் போரில் இறங்கியது. எளிதில் உடையுற பீங்கான் கூடுகளை பானில் இருந்து புரூக்ளினுக்கு அனுப்புறது அந்த வருஷங்களில் எவ்வளவு சிரமம்னு யோசிங்க. அதனால 1891 முதல் 1914 வரை என்பது மிகவும் சாத்தியமான இடைவெளி. கேட்டலாக்கோ, '1909' மாதிரி ஒரு கீறலோ கிடைச்சா இன்னும் சுருக்கலாம். கிடைக்கலைன்னா அங்கேயே நிறுத்திடணும்.

நிறுத்துறது முக்கியம். "1902"-ன்னு சொன்னா கேட்க நல்லா இருக்கும். ஆனா ஆதாரம் 1891 முதல் 1914 வரைன்னு சொல்லும்போது 1902-ன்னு சொல்றது, ஸ்கேலில் அளந்துட்டு மைக்ரோமீட்டர் ரீடிங் எழுதுற மாதிரி. லேப் ரெக்கார்டில் அப்படி எழுதினா சிவப்பு மையில் வட்டம் விழும்.

சிலர் கேட்கலாம்: இவ்வளவு எதுக்கு, லேபில் கொடுத்து தெர்மோலூமினசென்ஸ் டெஸ்ட் எடுக்கலாமே? சுட்ட மண்ணுக்குள்ள இருக்கிற படிகங்கள் காலப்போக்கில் கதிர்வீச்சு ஆற்றலைச் சேர்த்து வைக்கும். திரும்பச் சூடாக்கினா அதை ஒளியா வெளியிடும். அந்த ஒளியை அளந்து, கடைசியா எப்போ சுட்டதுன்னு கணக்கிடலாம். அருமையான முறைதான். ஆனா அதுக்குப் பொருளில் துளை போட்டு மாதிரி எடுக்கணும். ஆயிரம் வருஷப் பானையா, நேத்துச் செஞ்ச போலியான்னு பிரிக்கிறதுக்கு அது சரி. சுங்கச் சட்டத்தின் ஒரு வார்த்தை இவ்வளவு துல்லியமா எல்லை சொல்லும்போது, இந்தக் கடிகாரத்தில் ஓட்டை போட வேண்டிய அவசியம் இல்லை.

செய்யக் கூடாதவை

வீட்டில் பழைய கடிகாரம் இருக்கிறவங்க இந்தப் பகுதியை மட்டுமாவது படிச்சிடுங்க.

1. கூட்டைத் தண்ணியில் ஊற வைக்காதீங்க. கிளேஸ் விரிசல் வழியா நுண்துளைகளுக்குள்ள அழுக்குத் தண்ணி போனா கறை நிரந்தரம். கிளேஸ் மேல பூசின தங்கக் கோடு தேய்ச்சாலே போயிடும்.

2. மெஷின் தகட்டை பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க. ரிப்பேர்காரர் கீறின தேதி முதல்ல அழியும். கிடைக்கிறதுக்கு அரிதான கூரை அது.

3. மெயின் ஸ்பிரிங்கில் சாவி கொடுத்த நிலையில் மெஷினைப் பிரிக்காதீங்க. எட்டு நாள் ஓடுறதுக்கான ஆற்றல் அதுக்குள்ள சுருண்டு இருக்கு. பிரிச்சா விரலைப் பதம் பார்க்கும். பிரிக்கிற வேலையைத் தெரிஞ்ச கடிகாரக்காரர் கிட்ட விட்டுடுங்க.

4. பெண்டுலத்தைக் கழட்டாம கடிகாரத்தைத் தூக்கிட்டு நடக்காதீங்க. அதைத் தாங்குற மெல்லிய ஸ்பிரிங் தகடு மடங்கிடும்.

5. எதையும் தொடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம், முத்திரைகள், திருகு ஓட்டைகள், எல்லாம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வெச்சு எடுத்தா இன்னும் நல்லது.

6. வீட்டுப் பெரியவங்க கிட்ட கேட்டு எழுதி வைங்க. யார் வாங்கினது, எங்கே, யாருடைய கல்யாணத்துக்கு வந்தது. பெரியவங்க சொல்றதும் ஆதாரம்தான். "தாத்தா காலத்துல இருந்து இருக்கு" என்பதும் ஒரு கூரைதானே? முத்திரை சொல்றதோட அதை ஒப்பிடுங்க, ஆனா ரெண்டையும் கலக்காதீங்க. எது கேட்டது, எது பார்த்தது, எது கணக்கு போட்டதுன்னு தனித்தனியா எழுதுங்க.

கடைசியா ஒண்ணு. 1755 இல்லை, 1891-க்குப் பின்னாடின்னு தெரிஞ்சதும் "அட, இவ்வளவுதானா"ன்னு சிலருக்கு முகம் வாடும். வாட வேண்டியதில்லை. பானில் யாரோ ஒருத்தர் தூரிகை பிடிச்சு வண்ணம் தீட்டின பூ அது. வைக்கோலில் பொதிஞ்சோ பெட்டியில் அடைச்சோ அட்லாண்டிக் கடலைத் தாண்டி உடையாம வந்தது. புரூக்ளினில் வேற ஒருத்தர் வெட்டின பல்சக்கரத்தோட சேர்ந்தது. அந்தத் தொழிற்சாலையில் இப்போ வீடுகள் இருக்கு, இயந்திரங்கள் மாஸ்கோவுக்குப் போயாச்சு. கடிகாரம் மட்டும் சாவி கொடுத்தா இன்னும் ஓடுது. இந்த வரலாறு எல்லாம் உண்மை. 1755-ன்னு பொய் வயசு சொன்னா, இந்த உண்மையான வரலாறுதான் காணாமப் போகும்.

அடுத்த முறை எந்தப் பழைய பொருள் மேல வருஷத்தைப் பார்த்தாலும், அது கடிகாரமா இருந்தாலும் சரி, பேருந்து நிலையக் கல்வெட்டா இருந்தாலும் சரி, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த வருஷத்தை யார், எதுக்காக எழுதினாங்க? பதில் தெரிஞ்சா, அது தரையா, கூரையா, வெறும் பெயர்ப்பலகையான்னு தானாப் புரிஞ்சிடும்.